கிராஃப்ல ரம்பப்பல் மாதிரி வருது, கான்டாக்ட் கோளாறா, இல்ல ஸாம்பிளே அப்படித்தானா?

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பிசிக்ஸ் கடைசி வருசம், இன்னும் மூணு வாரத்துல தீசிஸ் குடுக்கணும், இப்ப லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். தடைக்காலம்ங்கறதால அப்பாவோட போட்டு கரையில ஏத்திக் கெடக்கு, வீட்ல எல்லாரும் நிம்மதியா இருக்காங்க, எனக்கு மட்டும் தூக்கம் வரல.

விஷயம் இதான். கைடுக்குத் தெரிஞ்ச ஒரு லேப்ல வளர்த்துக் குடுத்த சூப்பர்லேட்டிஸ் ஸாம்பிள் கையில இருக்கு. காலியம் ஆர்செனைடு 9 நானோமீட்டர், அதுக்கு மேல அலுமினியம் ஆர்செனைடு 4 நானோமீட்டர், இப்படியே மாத்தி மாத்தி 40 தடவை. காலியம் ஆர்செனைடு லேயர்ல சிலிக்கான் டோப்பிங் இருக்கு, அதாவது எலக்ட்ரான் கிடைக்கறதுக்காகக் கொஞ்சூண்டு சிலிக்கான் கலந்திருக்கு. சின்னச் சின்ன மேடை மாதிரி வெட்டி எடுத்த மெசா, மேல ஒரு கான்டாக்ட் கீழ ஒரு கான்டாக்ட், லிக்விட் நைட்ரஜன்ல முக்கி 77 கெல்வின்ல வோல்டேஜை 0 லேருந்து 7 வரை ஏத்திக்கிட்டே கரண்ட் பாத்தேன்.

முதல்ல ஒழுங்கா ஏறுது. 0.8 வோல்ட் வந்ததும் ஏறுறது நின்னு கிட்டத்தட்ட சமதரை ஆயிடுது, ஆனா அந்தச் சமதரை முழுக்க ரம்பப்பல்லு, கொஞ்சம் ஏறும் டக்குனு விழும், மறுபடி ஏறும் டக்குனு விழும், 6 வோல்ட் வரைக்கும் இதே கதை, அதுக்கப்புறம் ஒரே செங்குத்தா மேல போயிடுது. வோல்டேஜை எறக்கிக்கிட்டு வந்தா போன வழியில திரும்பி வரவும் மாட்டேங்குது, பல்லெல்லாம் கொஞ்சம் தாழ்ந்து தெரியுது.

கைடு பாத்துட்டு "கான்டாக்ட் லூஸு, மறுபடி வயர் வை"ன்னு சொல்லிட்டார். ரெண்டு தடவை புதுசா வெச்சுட்டேன், அதே பல்லுதான். சீனியர் அக்கா ஒருத்தங்க "அது பிளாக் ஆசிலேஷன்டி, தீசிஸ்ல பெருசா எழுது"ங்கறாங்க. ரெண்டு பேரு பேச்சையும் கேட்டா மண்டை காயுது. யாராச்சும் இந்த மாதிரி அளந்தவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பாம்பன் ரிப்பேர்கடை:

தங்கச்சி, நான் பிசிக்ஸ் படிச்சவன் இல்ல, போட்டுல வர்ற எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட்டு, ஜிபிஎஸ் எல்லாம் பிரிச்சு மேயுறவன், இருபது வருசமா உப்புக்காத்து தின்ன கனெக்டரைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கான்டாக்ட் கோளாறுக்குன்னு ஒரு குணம் இருக்கு, அது ஒழுங்கா இருக்காது. ஒரு தடவை 2 வோல்ட்ல பொரியும், அடுத்த தடவை 3ல பொரியும், பென்சில்ல தட்டுனா மாறும், கேபிளை ஆட்டுனா மாறும். நீ சொல்றது பல்லு பல்லா வரிசையா இருக்கு, ரெண்டு தடவை வயர் மாத்தியும் அதேதான் வருதுங்கற. லூஸு கான்டாக்ட் அவ்வளவு ஒழுக்கமானவன் கிடையாது.

ஒண்ணு பண்ணு. ரெண்டு தடவை எடுத்த கிராஃபையும் ஒரே அளவுல பிரிண்ட் போட்டு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு சன்னல் கண்ணாடியில ஒட்டிப் பாரு. விழுற எடம் அதே வோல்ட்ல இருந்தா அது வயர் இல்ல, உள்ள இருக்க சரக்கு.

ஆனா இன்னொரு சந்தேகமும் இருக்கு. வோல்ட் ஏறும்போது கரண்ட் எறங்குற சாமான் எதுவா இருந்தாலும் பவர் சப்ளை கூட சண்டை போடும். நீளக் கேபிள், அதோட கெப்பாசிட்டன்ஸ், எல்லாம் சேந்து தானா ஆட ஆரம்பிச்சிடும், மீட்டர்ல நீ பாக்குறது அந்த ஆட்டத்தோட சராசரியா இருக்கலாம். ஸ்கோப் ஒண்ணை ஸாம்பிள் பக்கத்துல மாட்டிப் பாரு, கோடு தடிச்சுத் தெரிஞ்சா சப்ளை ஆடுதுன்னு அர்த்தம். கேபிளைக் குட்டையாக்கு, ஸாம்பிள் பக்கத்துலயே சின்ன ரெசிஸ்டர் ஒண்ணு போட்டுப் பாரு.

உப்பளத்து வாத்தியார்:

தாயி, நல்ல கேள்வி. நான் ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார், வீட்டுக்குப் பின்னாடியே உப்பளம். நான் காலேஜ் படிச்சப்ப லியோ எசாகிங்கற பேரைச் சொன்னாலே எங்க புரபசருக்கு முகம் மலரும். 1957ல ஜப்பான்ல சோனி கம்பெனியில வேலை பாத்தப்ப டனல் டயோடு கண்டுபிடிச்சவர், அதுக்கு 1973ல நோபல் குடுத்தாங்க. ஆனா உன் ஸாம்பிளுக்குக் கொள்ளுத்தாத்தா அது இல்ல, 1970ல அவரும் ராஃபேல் ட்சூவும் ஐபிஎம்ல இருந்து எழுதுன கட்டுரை. ரெண்டு வேற வேற செமிகண்டக்டரைச் சில நானோமீட்டர் கனத்துல மாத்தி மாத்தி அடுக்குனா, இயற்கை குடுக்காத ஒரு புது கிரிஸ்டல் நம்ம கையால கிடைக்கும், அதுல வோல்டேஜ் ஏறும்போது கரண்ட் எறங்கணும்னு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டினாங்க. முதல்ல அனுப்புன பத்திரிகை, ரொம்பக் கற்பனைன்னு திருப்பி விட்டுடுச்சு. அப்புறம் ஐபிஎம் நடத்துன பத்திரிகையிலேயே வந்துச்சு.

புரியுற மாதிரி சொல்லணும்னா எங்க பாத்தியைப் பாரு. பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு. காலியம் ஆர்செனைடு பாத்தி, எலக்ட்ரான் அதுலதான் தேங்கும். அலுமினியம் ஆர்செனைடு வரப்பு. வரப்பு தடிமனா இருந்தா தண்ணி அந்தப் பக்கம் போகாது, ஒல்லியா இருந்தா ஈரம் கசிஞ்சு போகும், எலக்ட்ரானும் அப்படித்தான் டனல் ஆகுது. பாத்தியோட மட்டம் ஒண்ணை விட ஒண்ணு தாழ்வா இருந்தா கசிவு அந்தப் பக்கம் ஓடும், நீ போடுற வோல்டேஜ் அந்த மட்டத்தைச் சாய்க்குற வேலை பாக்குது.

தொண்டிக்காரன்:

வாத்தியார் சார், உவமை அழகா இருக்கு, பாதி வழி வரைக்கும் நல்லாவே கூட்டிட்டுப் போகுது, ஆனா தங்கச்சி கேட்ட எடத்துலதான் கவுத்து விட்டுடும். தண்ணியோட மட்டம் எவ்வளவு சாயுதோ அவ்வளவு வேகமாக் கசியும், சாய்ச்சா கசிவு கொறையவே கொறையாது. இங்க சாய்ச்சா கசிவு நிக்குது. பல்லோட மூலமே அதான்.

நான் வெளிநாட்டுல ஒரு லேப்ல செமிகண்டக்டர் வேலை பாக்குறேன், சூப்பர்லேட்டிஸ் அளந்து தலைமுடி கொட்டுனவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

வாத்தியார் பாத்தின்னு சொன்ன காலியம் ஆர்செனைடு லேயரை நாங்க கிணறுன்னு சொல்வோம். 9 நானோமீட்டர் கிணத்துல எலக்ட்ரான் எந்த மட்டத்துல வேணும்னாலும் உக்கார முடியாது, படிக்கட்டு மாதிரி குறிப்பிட்ட மட்டம்தான். இந்த அளவுக்கு முதல் படி அடியில இருந்து சுமார் 45 மில்லி எலக்ட்ரான்வோல்ட், ரெண்டாவது படி சுமார் 180. ரெண்டுக்கும் நடுவுல சுமார் 130 சொச்சம். இந்த 130ஐ மனசுல வெச்சுக்கம்மா, எல்லாம் இதுலதான் இருக்கு.

வோல்டேஜ் இல்லாதப்ப பக்கத்துப் பக்கத்துக் கிணத்துல முதல் படியும் முதல் படியும் ஒரே மட்டம். கொஞ்சம் வோல்டேஜ் குடுத்தா எலக்ட்ரான் ஒரு கிணத்துல இருந்து அடுத்ததுக்கு டனல் ஆகுது, கரண்ட் ஏறுது. இன்னும் குடுத்தா படிகள் ஒண்ணுக்கொண்ணு விலகிடும், இந்தப் பக்கத்து எலக்ட்ரானுக்கு அந்தப் பக்கம் நேரா உக்கார எடமே இல்ல, கரண்ட் எறங்கணும். இன்னும் சாய்ச்சு ஒரு கிணத்துக்கு 0.13 வோல்ட் கிட்ட, அதாவது அந்த 130 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சமமா, வந்ததும் இந்தப் பக்கத்து முதல் படியும் அந்தப் பக்கத்து ரெண்டாவது படியும் நேர்ல வருது, மறுபடி வழி திறக்குது. போய்ச் சேந்த எலக்ட்ரான் ஒரு பிகோசெகண்டு அளவுக்குள்ள முதல் படிக்கு எறங்கிடும், அடுத்த தாவலுக்கு ரெடி.

இப்ப உன் ஸாம்பிளுக்கு 2.6 வோல்ட் குடுக்குறன்னு வை. 40 கிணத்துக்கும் சமமாப் பிரிச்சா தலைக்கு 0.065. அது ரெண்டுங்கெட்டான் மட்டம், எதுவும் எதோடயும் சேராது, 40 வரப்பும் அடைச்சுக்கும். அதனால ஸாம்பிள் சமமாப் பிரிக்கவே பிரிக்காது. 20 கிணறு கிட்டத்தட்டச் சாயாமலே இருந்துக்கும், மீதி 20 கிணறு தலைக்கு 0.13ஐ வாங்கிக்கும், 20ஐ 0.13ஆல பெருக்கு, 2.6 கணக்குச் சரியா வரும். ரெண்டு பக்கமும் கரண்ட் போகுது. ஒரே ஸாம்பிளுக்குள்ள ரெண்டு ஊரு, ஒண்ணு லோ ஃபீல்டு, இன்னொண்ணு ஹை ஃபீல்டு, இதுக்குத்தான் எலக்ட்ரிக் ஃபீல்டு டொமைன்னு பேரு. ரெண்டுக்கும் நடுவுல எல்லைச்சுவர், அது ஒரே ஒரு கிணத்துல கூடுதல் எலக்ட்ரான் குமிஞ்சு நிக்குற எடம். டோப்பிங் இல்லாம அந்தச் சுவர் நிக்காது, எலக்ட்ரான் வேணும்ல.

வோல்டேஜை இன்னும் கொஞ்சம் ஏத்துனா சுவர் அசையாம அடம்பிடிக்கும், கரண்ட் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல முடியாதுன்னு சுவர் தாவி எலக்ட்ரான் உள்ள வர்ற பக்கமா ஒரு கிணறு தள்ளி உக்காந்துக்கும், இருபத்தொண்ணாவது கிணறும் ஹை ஃபீல்டு கட்சியில சேந்துடும், கரண்ட் டக்குனு விழும். அது ஒரு பல்லு. 40 கிணறுன்னா 40ஐ ஒட்டி, ஒண்ணு ரெண்டு கம்மியா. எல்லாரும் கட்சி மாறி முடிஞ்சதும் 6 வோல்ட் கிட்ட செங்குத்தா ஏறுதுன்னு சொன்னியே, அதுவும் சரியாப் பொருந்துது.

இதை முதல்ல பாத்தவங்களும் எசாகி ஆளுங்கதான், 1974ல எசாகியும் சாங்கும் சூப்பர்லேட்டிஸ்ல கண்டக்டன்ஸ் சீரா ஏறி எறங்குறதைக் காட்டி, ஹை ஃபீல்டு பகுதி கிணறு கிணறா வளருதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. போற வழி வேற வர்ற வழி வேறங்கறதும் கோளாறு இல்ல. ஒரே வோல்டேஜுக்கு சுவர் நிக்கத் தோதான எடம் ஒண்ணுக்கு மேல இருக்கு, ஏறும்போது ஒண்ணுல நிக்குது எறங்கும்போது இன்னொண்ணுல நிக்குது. எறங்கும்போது பல்லு தாழ்ந்து தெரியணும், தெரியுதுன்னு நீயே எழுதிருக்க.

அதனால கைடு கிட்ட சண்டைக்குப் போகாம நாலு விஷயம் அளந்து காட்டு. வேற சைஸ் மெசா ஒண்ணை எடு, பரப்பு ரெண்டு மடங்குன்னா கரண்ட் ரெண்டு மடங்கு ஆகணும், பல்லு விழுற வோல்டேஜ் மாறக் கூடாது. ப்ளஸ் மைனஸை மாத்திப் போடு, அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை வரணும். மேல் லேயர்லயே ரெண்டு பேடு இருந்தா அது ரெண்டுக்கும் நடுவுல மட்டும் அளந்து பாரு, நேர்கோடு வந்தா கான்டாக்ட் பேர்ல தப்பில்ல. கடைசியா, முக்கியமானது, பல்லை எண்ணு. ஸ்டெப் எவ்வளவு வெச்சு ஸ்வீப் பண்ணுன, அதாவது வோல்டேஜை ஒரு புள்ளிக்கு எவ்வளவு எவ்வளவா ஏத்துனன்னும் சொல்லு. சீரிஸ் ரெசிஸ்டன்ஸ் கூடுதலா இருந்தா பல்லெல்லாம் சாஞ்சு வோல்டேஜ் தள்ளித் தெரியும், கைடு சொன்னதுல அந்த அளவுக்கு உண்மை இருக்கலாம், ஆனா ரெசிஸ்டன்ஸ் பல்லை உண்டாக்காது.

சீனியர் அக்கா சொன்னதுக்குத் தனியா வர்றேன், டீ ஆறுது.

சாயல்குடி சாமி:

இவ்வளவு பேசுறீங்களே, இதனால நமக்கு என்ன பிரயோஜனம்? நண்டு விலை ஏறுமா?

பாம்பன் ரிப்பேர்கடை:

சாமிண்ணே, உங்க வீட்டு மொட்டைமாடியில டிஷ் இருக்கா? அதோட மூக்கு நுனியில நீட்டிக்கிட்டு இருக்கே எல்என்பி, அதைப் பிரிச்சா உள்ள முதல்ல சிக்னலை வாங்குறது ஹெம்ட்னு ஒரு பொடி டிரான்சிஸ்டர். காக்கா உக்காந்து ஒடைச்சது, உப்பு ஏறிச் செத்ததுன்னு நான் பிரிச்ச எல்என்பிக்குக் கணக்கே இல்ல. அதுவும் காலியம் ஆர்செனைடு லேயர் சமாச்சாரம்னு எங்கயோ படிச்சேன், தொண்டித் தம்பிதான் சொல்லணும்.

தங்கச்சிமடத்துக்காரி:

தொண்டி அண்ணே ரொம்ப ரொம்ப நன்றி, அந்த 2.6 கணக்கைப் படிச்சதும் எந்திரிச்சு உக்காந்துட்டேன். இன்னொரு சந்தேகம், வைவாவுல கேப்பாங்கன்னு பயமா இருக்கு. ஸாம்பிள் வளர்த்துக் குடுத்த லேப்ல ஹால் மெஷர்மென்ட் (காந்தப்புலம் வெச்சு அளக்குறது) பண்ணி மொபிலிட்டி, அதான் எலக்ட்ரான் எவ்வளவு லேசா ஓடுதுங்கறது, நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அப்புறம் நான் அளந்தா மட்டும் ஏன் எலக்ட்ரான் இவ்வளவு கஷ்டப்பட்டுத் தாவுது? ஒரே ஸாம்பிள்தானே?

தொண்டிக்காரன்:

ஒரே ஸாம்பிள்தான், ஆனா ரெண்டு வேற ரோடும்மா. ஹால் அளக்கும்போது கரண்ட் லேயரோட போகுது, பாத்திக்குள்ளயே நீளவாக்குல நடக்குற மாதிரி, ஒரு வரப்பையும் தாண்ட வேண்டியதில்ல. உன் மெசாவுல லேயரைக் குறுக்க வெட்டிப் போகணும், 13 நானோமீட்டருக்கு ஒரு வரப்பு. ஒரு கட்டையை நார் வாக்குல பொளக்குறதுக்கும் குறுக்க அறுக்குறதுக்கும் இருக்க வித்தியாசம், அப்பா கிட்ட கேளு, படகுப் பலகை தெரிஞ்சவங்களுக்கு இது புதுசு இல்ல. வைவாவுல இப்படிச் சொல்லு: ஹால் மொபிலிட்டி பேரியரை, அதாவது வரப்பைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது.

ரிப்பேர்கடை அண்ணன் சொன்ன எல்என்பி, லேயரோட போற வழிக்குச் சரியான உதாரணம். 1978ல பெல் லேப்ஸ்ல டிங்கிள், ஸ்டோர்மர், காஸார்ட், வீக்மான் நாலு பேரும் சூப்பர்லேட்டிஸ்லதான் ஒரு தந்திரம் பண்ணுனாங்க. சிலிக்கானை எலக்ட்ரான் ஓடுற லேயர்ல போடாம பேரியர்ல மட்டும் போட்டாங்க. எலக்ட்ரான் அங்க பொறந்து பக்கத்துக் காலியம் ஆர்செனைடுக்குள்ள விழுந்துடும், அதைப் பெத்த சிலிக்கான் அயனி வரப்புலயே தங்கிடும். ஓடுற பாதையில முட்டுறதுக்கு மாசு இல்ல, அதுலயும் குளிர வெச்சா மொபிலிட்டி எங்கயோ போயிடும். இதையே டிரான்சிஸ்டரா ஆக்குனது ஜப்பான்ல ஃபுஜிட்சுவுல மிமுரா, 1980ல. ஹெம்ட் அதான், சாமிண்ணன் வீட்டு மாடியில காக்கா கொத்துறது. உன் ஸாம்பிள்ல டோப்பிங் கிணத்துலயே இருக்கு, அதனால அந்தத் தந்திரம் உனக்குக் கிடையாது.

இப்ப பிளாக் ஆசிலேஷன். அக்கா தப்பாச் சொல்லல, எடம் மாறிச் சொல்லிட்டாங்க. பேரியர் ரொம்ப ஒல்லியா, ரெண்டு மூணு நானோமீட்டருக்குள்ள இருந்தா, பக்கத்துக் கிணத்துப் படிகள் எல்லாம் கலந்து ஒரு பட்டையா ஆகும், மினிபேண்ட்னு சொல்றது. அதுல எலக்ட்ரான் கிணறு கிணறாத் தாவாது, அலையா ஓடும். ஃபீல்டு தள்ளத் தள்ள அதோட அலைநீளம் கொறஞ்சுக்கிட்டே வந்து, லேயர் இடைவெளியோட ரெண்டு மடங்கு ஆனதும் திரும்பி அடிக்கும். கரைக்கு முன்னாடி வரிசையா மணல் திட்டு இருக்க எடத்துல, திட்டுக்குத் திட்டு இருக்க தூரத்தைப் போல ரெண்டு மடங்கு நீளத்துல வர்ற அலை பெரும்பாலும் திரும்பிடும், அதே கணக்கு. திரும்புன எலக்ட்ரானை ஃபீல்டு மறுபடி தள்ளும், மறுபடி திரும்பும், முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே நிக்கும். ஒரே தெசையில வோல்டேஜ் குடுத்தும் எலக்ட்ரான் முன்னேறாம ஊஞ்சலாடுது.

சாதாரணக் கிரிஸ்டல்ல இது நடக்குறதுக்குள்ள எலக்ட்ரான் எதுலயாவது முட்டிடும், ஏன்னா காலியம் ஆர்செனைடு கிரிஸ்டல்ல அணு அடுக்கு திரும்பத் திரும்ப வர்ற இடைவெளி 0.565 நானோமீட்டர்தான், ஒரு ஆட்டம் முடிய ரொம்ப நேரம் புடிக்கும். எசாகியும் ட்சூவும் பண்ணுன புத்திசாலித்தனம் அந்த இடைவெளியை 10 நானோமீட்டர் ஆக்கிப் பாத்தது. சென்டிமீட்டருக்கு 10 ஆயிரம் வோல்ட் ஃபீல்டுல, 10 நானோமீட்டர் இடைவெளிக்கு, ஆட்டத்தோட வேகம் செகண்டுக்கு 2.4 லட்சம் கோடித் தடவை, 2.4 டெராஹெர்ட்ஸ், முட்டுறதுக்குள்ள ஒரு ரவுண்டு முடிஞ்சிடும். 1988ல மெண்டெஸ் குழு ஒளி அளவுல வானியர் ஸ்டார்க் ஏணியை, அதாவது ஃபீல்டுல அந்தப் பட்டை தனித்தனிப் படியாப் பிரியுறதைக் காட்டுனாங்க, 1990ல சிபில் குழு வோல்டேஜ் ஏறும்போது கரண்ட் எறங்குறதைக் காட்டுனாங்க, 1993ல டெராஹெர்ட்ஸ் அலையே வெளிய வர்றதைப் பிடிச்சாங்க. கணக்குப் போட்டதுல இருந்து ஆட்டத்தைக் கண்ணுல காட்டுறதுக்கு இருபது வருசத்துக்கு மேல ஆயிடுச்சு.

உன் வரப்பு 4 நானோமீட்டர் கனம், அதுவும் அலுமினியம் ஆர்செனைடு, பேரியர் உசரம் ஒரு எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி. இதுல மினிபேண்ட் அகலம் ஒரு மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் ரொம்பக் கீழ, படி மங்கலாப் பரவி இருக்க அகலமே அதை விடப் பெருசு. எலக்ட்ரான் ஒவ்வொரு கிணத்துலயும் தன் ஞாபகத்தை எறக்கி வெச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போகுது. அதனால தீசிஸ்ல பிளாக் ஆசிலேஷன்னு ஒரு எழுத்து எழுதாத, வெளியில இருந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அதையே புடிச்சுக்கிட்டு தொங்குவார். "வீக்லி கபுள்டு சூப்பர்லேட்டிஸ், சீக்வென்ஷியல் டனலிங், ஸ்டாடிக் ஃபீல்டு டொமைன்" இந்த மூணு வார்த்தை போதும்.

சாமிண்ணே, நண்டு விலை ஏறாது. ஆனா இதே ரகத்துல டோப்பிங்கைக் கொஞ்சம் கொறைச்சா சுவர் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், கரண்ட் தானா ஆடும், சில சமயம் ஒரு ஒழுங்கும் இல்லாம ஆடும். பேரியர்ல அலுமினியத்தை 45 சதவீதம் வெச்சு ரூம் டெம்பரேச்சர்லயே அப்படி ஆட விட்டதை 2012ல காட்டுனாங்க, அடுத்த வருசமே அந்த ஆட்டத்தை வெச்சு ரேண்டம் நம்பர் செஞ்சாங்க, பாஸ்வேர்டு சாவி பண்ற வேலைக்கு ஆகும். தங்கச்சி ஸாம்பிளை வெளிய எடுத்து வெச்சா அது நடக்காது, சுத்த அலுமினியம் ஆர்செனைடு வரப்புல எலக்ட்ரானுக்கு எக்ஸ் வேலின்னு ஒரு திருட்டு வழி தாழ்வா இருக்கு, சூட்டுல அது வழியா ஒழுகிப் பல்லை மழுக்கிடும். 77 கெல்வின்ல அளந்தது நல்ல முடிவு.

உப்பளத்து வாத்தியார்:

தொண்டித் தம்பி, கவுத்து விட்டீங்க, ஒத்துக்குறேன். சாய்ச்சா கசிவு நிக்குற வரப்பை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. இருந்தாலும் என் பாத்தியை முழுசா விட மனசு வரல, ஓடுறது தண்ணி இல்ல அலைன்னு ஒரு வரி சேத்துக்குறேன்.

தங்கச்சிமடத்துக்காரி:

அப்டேட். ரெண்டு நாள் ஆச்சு, லேட்டுக்கு மன்னிச்சுக்கோங்க, கச்சான் காத்துல கரண்ட் போயிப் போயி வந்துச்சு.

ரிப்பேர்கடை அண்ணே, நீங்க சொன்ன மாதிரி பழைய ஃபைல் ரெண்டையும் எடுத்து ராமேஸ்வரம் போயி ஜெராக்ஸ் கடையில பெருசா பிரிண்ட் போட்டேன், ஒவ்வொண்ணும் மூணு தாள், ஒட்டி சன்னல்ல வெச்சா பல்லு மேல பல்லு அப்படியே உக்காருது, எங்கயும் விலகல. லேப்ல கூடப் படிக்கிற பொண்ணு கிட்ட சொல்லி ஸ்கோப்பும் மாட்டிப் பாக்கச் சொன்னேன், கோடு தடிக்கலையாம்.

எண்ணுறதுதான் கஷ்டமாயிடுச்சு. நான் மூணு தடவை எண்ணுனா மூணு எண்ணிக்கை வருது. அப்பா திண்ணையில வலை பொத்திக்கிட்டு இருந்தார், என்னடான்னு வாங்கிப் பாத்தார், என்ன ஏதுன்னு கேக்கவே இல்ல. காதுல சொருகியிருந்த பென்சிலை எடுத்து வலைக்கண்ணு எண்ணுற மாதிரி அஞ்சுக்கு ஒரு கோடு போட்டுக்கிட்டே போனார். 37ன்னார். அப்புறம் தாளைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சு "ரெண்டு எடத்துல கண்ணு பெருசா இருக்கு பாரு, இங்க ஒண்ணு அங்க ஒண்ணு, அறுந்த கண்ணு மாதிரி"ன்னு நகத்தால கீறிக் காட்டினார். ஸ்கேல் வெச்சு அளந்தேன். மத்த பல்லெல்லாம் 0.13 வோல்ட்டை ஒட்டி, அந்த ரெண்டு எடம் மட்டும் 0.26, 0.27.

அண்ணே, அந்த ரெண்டு எடத்துல கிணறு ஏதாச்சும் பழுதா? லேயர் கனம் மாறிடுச்சோ?

தொண்டிக்காரன்:

அப்பாவுக்கு ஒரு சல்யூட் சொல்லு. லேயர் பழுதாவும் இருக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லல. ஸ்டெப் எவ்வளவு?

தங்கச்சிமடத்துக்காரி:

50 மில்லிவோல்ட் அண்ணே. சீக்கிரம் முடியட்டும்னு வெச்சேன், நைட்ரஜன் தீந்துடும்னு பயம்.

தொண்டிக்காரன்:

130க்கு ஒரு பல்லு, நீ 50க்கு ஒரு புள்ளி வெக்குற. ஒரு பல்லுக்கு ரெண்டு புள்ளி, மிஞ்சிப் போனா மூணு. அதுல ஒரு குட்டிப் பல்லு விழுந்து எந்திரிச்சது உன் புள்ளிக்கு நடுவுல நடந்திருந்தா உனக்குத் தெரியவே தெரியாது. 37ஓட அந்த ரெண்டையும் சேத்தா 39, 40 கிணத்துக்கு அது நல்ல எண்ணிக்கை. முழுசா அளக்க வேணாம், நைட்ரஜனும் தீராது. அப்பா நகத்தால கீறுன ரெண்டு எடத்தை மட்டும், முன்னாடி 0.3 வோல்ட் பின்னாடி 0.3 வோல்ட், 5 மில்லிவோல்ட் ஸ்டெப்ல மெதுவா ஸ்வீப் பண்ணு. பல்லு வந்துச்சுன்னா உன் ஸ்டெப்போட தப்பு. வரலைன்னா ப்ளஸ் மைனஸை மாத்திப் போட்டு மறுபடி பாரு, அங்கயும் அதே மாதிரி எதிர்ப்பக்கத்துல ஓட்டை தெரிஞ்சா அப்புறம் கிணத்தைச் சந்தேகப்படலாம்.

தங்கச்சிமடத்துக்காரி:

சரிண்ணே, ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்ஸு, திங்கக்கிழமை கேன்ல எவ்வளவு நைட்ரஜன் இருக்குன்னு பாத்துட்டு ஆரம்பிச்சிடுறேன். அந்த மூணு தாளையும் சுருட்டி எடுத்துட்டுப் போறேன், கைடு கிட்ட அந்தப் பென்சில் கோட்டோட அப்படியே காட்டப் போறேன்.